இடது கன்னத்தின் சார்பாக ஒரு முறையீடு

அன்பும் பண்பும் அறிவும் நிறைந்த என் மைத்துனனுக்கு (மூன்றாவதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்),

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்காள் நலம், பிள்ளைகள் நலம், கடை நலம். என்னைப் பொறுத்தவரை வலது பக்கம் நலம். இடது பக்கம் எப்படி இருக்கிறது என்பது உனக்கும், உன் புண்ணியத்தில் கையில் போன் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அங்கு நீ இரண்டு பக்கமும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் கூப்பிட்டுத் திட்டினால் அதைப் பதிவு செய்து, பின்னணியில் மத்தளம் சேர்த்து, அதையும் ஊருக்குக் காட்டிவிடுவாய். எழுத்துக்கு யாரும் மத்தளம் சேர்க்க முடியாது. ஆகவே பனியன் மடிப்புக்குள் வைத்து வரும் வெள்ளை அட்டைகளில் எழுதுகிறேன். கோபத்தில் நீ கிழிக்கப் பார்த்தாலும் சுலபத்தில் கிழியாது. கல்லாவில் உட்கார்ந்தபடி எழுதுவதால் ஆள் வந்தால் நிறுத்துவேன், போனதும் தொடர்வேன். நடுநடுவே கோபம் ஏறி இறங்குவதுபோல் தெரிந்தால் வந்தவர் ஏதாவது வாங்கினாரா இல்லையா என்பதைப் பொறுத்தது அது.

விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். சந்தோஷம். கடைக்கு வந்து, பெல்ட் தொங்கும் கம்பிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் போனைத் தடவிக்கொண்டிருந்தாய். வெளியே சுற்றாமல் கண்ணெதிரே இருக்கிறானே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான். நீ தடவிக்கொண்டிருந்தது போனை அல்ல, என் மானத்தை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் ஸ்டூலையாவது வலது பக்கம் போடச் சொல்லியிருப்பேன்.

நான் எப்படி வியாபாரம் பண்ணுகிறவன் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்தவன் செய்கிற காரியமாக இது இல்லாததால் மறுபடி சொல்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் கழுத்தில் தட்டு மாட்டிக்கொண்டு சீப்பும் கைக்குட்டையும் விற்று ஆரம்பித்தவன் நான். பஸ்ஸில் விற்கிறவன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சீப்பின் பல் உதிர்வதற்குள் வாங்கினவன் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். கதவு, பூட்டு, பெயர்ப்பலகை என்று வைத்து உட்கார்ந்தவன் அப்படிப் பேச முடியாது. இன்றைக்கு வாங்கினவன் நாளைக்கும் இதே தெருவில்தான் நடப்பான், கடைக்குள் எட்டிப் பார்ப்பான். அதனால் கடை போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே சட்டம். என் உடம்பில் போட்டுப் பார்க்காத எதுவும் என் அலமாரியில் ஏறாது. போட்டுப் பார்ப்பதும் பாதி உடம்பில்தான். புது பிளேடு வந்தால் இடது கன்னத்தில் புதுசு, வலது கன்னத்தில் பழசு. புது சாக்ஸ் இடது காலில், பழைய சாக்ஸ் வலது காலில். நான் வலது கைக்காரன், கை தானாக இடது கன்னத்துக்குத்தான் போகிறது, அதனால் இடது பக்கம் சோதனை. வலது பக்கம் சாட்சி. சாட்சி இல்லாமல் நல்லது கெட்டது எப்படிச் சொல்வது? முகம் முழுக்கப் பூசிக்கொண்டு ‘பளபளப்பு வந்துவிட்டது’ என்பவன் நேற்றைய முகத்தை எங்கே கொண்டுபோய்ப் பார்ப்பான்?

இந்தச் சட்டத்துக்காக நான் பட்டது கொஞ்சமா? நரைக்கு அடிக்கும் சாயம் வந்தபோது ஒரு மாதம் பாதி மீசை கறுப்பும் பாதி மீசை வெள்ளையுமாகத் திரிந்தேன். ஷூவுக்குள் வைத்தால் உயரம் கூட்டும் மெத்தை வந்தபோது இடது ஷூவில் மட்டும் வைத்துக்கொண்டு நடந்தேன். எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று எதிர்க்கடைச் சலூன்காரர் தன் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்து தோள் கொடுத்தார், அவர் நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சென்ட் வந்தால் இடது அக்குளில் மட்டும் அடிப்பேன். பஸ்ஸில் உன் அக்காள் எந்தப் பக்கம் உட்காருவது என்று அன்றைய சரக்கைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்தத் தெருவில் யாராவது “இது நல்லாயிருக்குமா?” என்று கேட்டு, நான் “போட்டுப் பாத்தேன்” என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஒருவரும் பேசமாட்டார்கள், பர்ஸை எடுப்பார்கள். எனக்கு அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப்போன சொத்து கிடையாது. இந்த இரண்டு வார்த்தைதான் சொத்து. அதில்தான் நீ கை வைத்தாய்.

அன்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோர்வையாக அது எங்கேயும் இல்லை. ஆண்களுக்கான கரிப் பூச்சு என்று ஒரு கம்பெனி சாம்பிள் டியூப் அனுப்பியிருந்தது. முகத்தில் பூசி, காய்ந்ததும் தோல்போல உரித்து எடுத்தால் அழுக்கெல்லாம் கூடவே வந்துவிடும் என்று அட்டையில் எழுதியிருந்தது. படத்தில் இருந்த ஆள் உரித்துக்கொண்டே சிரித்தான். நான் வழக்கப்படி இடது பாதியில் பூசிக்கொண்டு காயட்டும் என்று உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் வந்தார். நம்மிடம் வாங்கின தாடி கத்தரிக்கும் மிஷின் கத்தரிக்கவில்லை, சும்மா முனகுகிறது என்றார். என் சரக்கைக் குறை சொன்னால் எனக்குச் சோறு தண்ணி நினைவிருக்காது, உனக்குத் தெரியும். வாதாடினேன். வாதாட வாதாடப் பூச்சு காய்ந்து இறுகிப்போய், வாயின் இடது பாதி நின்றுவிட்டது. வலது பாதி மட்டும் வாதாடியது. நான் போட்டுப் பார்க்காத சரக்கு இந்தக் கடையில் கிடையாது என்பதைப் பாதி வாயால் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று இப்போது ஊருக்கே தெரியும். காதோரம் பூச்சு சுருண்டு தொங்கியிருக்கிறது போலிருக்கிறது. வாத்தியார் நல்ல மனுஷர், சட்டையில் நூல் தொங்கினால் எடுத்துவிடுகிற ரகம். “சார், முகத்துல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு” என்று சொல்லி, நான் கையைத் தூக்குவதற்குள், பிடித்து, ஒரே இழுப்பு.

மைத்துனா, அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது என்று நான் வெகுநேரம் நம்பவில்லை. பாதி மீசையும் இடது புருவமும் வாத்தியார் கையில் இருந்தன. ஆனால் வியாபாரி வியாபாரிதான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, கல்லாவைப் பிடித்து நிமிர்ந்து, “பாதி போதும். மீதி பாதி சாட்சி” என்றேன். அதற்கடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, டியூபைத் தூக்கிக் காட்டி, “இதை யாரும் வாங்காதீங்க, நான் விக்கமாட்டேன்” என்று தெளிவாக, இரண்டு பக்க வாயாலும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீ அங்கேதானே இருந்தாய்? ஸ்டூலிலிருந்து விழுந்து பெல்ட்டுகளுக்கு நடுவில் கிடந்தாய், இருந்தாலும் காது இருந்ததல்லவா?

இதையெல்லாம் போனில் பிடித்து ஊருக்குப் போட்ட வீடியோவில் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நறுக்கிவிட்டாய். என் மீசையை வாத்தியார் பாதியாக்கினார், என் பேச்சை நீ பாதியாக்கினாய். வாத்தியாரை மன்னித்துவிட்டேன், அவர் தெரியாமல் செய்தார். உன்னிடம் கேட்டதற்கு, “மாமா, அரை நிமிஷத்துக்கு மேல யாரும் பாக்கமாட்டாங்க” என்று செய்தி அனுப்பினாய், கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக நிறுத்தியிருந்தாய். இருபது வருஷமாக நான் சேர்த்த பெயரைப் பார்க்க ஊருக்கு அரை நிமிஷத்துக்கு மேல் நேரமில்லை என்றால் அது ஊர் குறையாக இருக்கலாம். ஆனால் எந்த அரை நிமிஷம் என்று தேர்ந்தெடுத்தது நீ.

அதன் பிறகு இங்கே நடப்பதைக் கேள். பால் ஊற்றுகிறவர் பாதிப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டு, “பாதி போதும்தானே?” என்கிறார். பேங்கில் படிவம் கொடுக்கும் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “முழுசா நிரப்பணும் சார்” என்கிறார். எதிர்ச்சலூனில் வாலிபர்கள் போய் என் மீசைபோலப் பாதி வைத்துப் பாதி எடுக்கச் சொல்லி, பாதிக்குப் பாதிக் கூலிதானே என்று கேட்கிறார்களாம். பாதி எடுப்பதுதான் முழுசாக எடுப்பதைவிடக் கஷ்டம், கோடு நேராக வர வேண்டும் என்று சலூன்காரர் என்னிடம் வந்து சண்டை போடுகிறார். கணக்கு வாத்தியாரின் கை மட்டும்தான் வீடியோவில் தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஆனாலும் மோதிரத்தை வைத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பில் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, மீதி பாதி சாட்சி சார் என்கிறார்களாம். பாவம், அவர் இப்போது மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். உன் அக்காள் என்னோடு வாழ்கிற இத்தனை காலத்தில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் சிரித்ததில்லை. இப்போது அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நான் கத்துகிற இடம் வரும்போதெல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். உன் தம்பி பண்ணின காரியத்தைப் பார் என்றால், “அவன் என்னங்க பண்ணுவான், கத்துனது நீங்கதானே” என்கிறாள். அதோடு இன்னொரு தகராறு. மீதி மீசையையும் எடுத்துவிடுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்கிறாள். எடுத்துவிட்டால் இடது பக்கம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துப் பார்ப்பது என்றேன். அதற்கும் சிரிக்கிறாள். நான் பேசுவது எல்லாமே இப்போது சிரிப்பாகிவிட்டது, மைத்துனா. வாடிக்கையாளரிடம் “போட்டுப் பாத்தேன்” என்று சொல்ல வாயைத் திறந்தால், முடிப்பதற்குள் அவர் உதட்டைக் கடிக்கிறார். என் சொத்து அப்படியே கரைந்து போகிறது.

சிரிப்பதை விடு, சிரிப்பால் செத்தவன் யாருமில்லை. கடைக்குக் கூட்டம் வருகிறது, அதுதான் எரிச்சல். என் இடது பக்கமாக நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்து முடித்ததும் “அந்தக் கரி குடுங்க” என்கிறார்கள். விற்கமாட்டேன், மோசமான சரக்கு என்கிறேன். கண்ணடித்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று வேறு கடையில் போய் வாங்குகிறார்கள். உன் அரை நிமிஷத்தில் என்ன இருக்கிறது? நான் பூசிக்கொண்டிருக்கிறேன், என் கடைச் சரக்கு எல்லாம் போட்டுப் பார்த்தது என்கிறேன், பாதி போதும் என்கிறேன். அதாவது பாதி பூசினாலே போதும், அவ்வளவு சக்தி. நான் வேண்டாம் என்று சொன்ன சரக்குக்கு நான் விளம்பரக்காரன் ஆகிவிட்டேன்.

போன வாரம் ஒரு வாலிபன் வந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். கடையில் இருந்த மற்றவர்கள் போகும்வரை சாக்ஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தொப்பியைத் தூக்கினான். இடது புருவம் இல்லை. மறுநாள் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறதாம், முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பூசியிருக்கிறான். நான் சிரிக்கவில்லை, அவனும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீங்க போட்டுப் பாத்ததுன்னுதான் அண்ணே வாங்குனேன்” என்றான், அவ்வளவுதான். உட்காரவைத்து, மீசைச் சாயத்தை ஈர்க்குச்சியில் தொட்டு, வலது புருவத்தைப் பார்த்துப் பார்த்து இடதில் வரைந்துவிட்டேன். கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுகிற முகத்தோடு தேர்வுக்குப் போனான். அவன் போன பிறகு எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் சீப்பு விற்ற காலத்தில்கூட யாரும் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை.

இதற்கு நடுவில் அந்தக் கரிப் பூச்சுக் கம்பெனியின் மேலாளர் போன் பண்ணினார். குரலிலேயே தேன். அந்தக் கம்பெனியை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர்கள் பிளேடு இருக்கிறதே, அது பிளேடு. என் இடது கன்னம் சாட்சி சொல்லும், வலது கன்னம் பொறாமைப்படும். அந்த பிளேடுக்கு இந்த வட்டார ஏஜென்சி வேண்டும் என்று எத்தனையோ காலமாகக் கடிதம் போட்டிருக்கிறேன். பதிலுக்கு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை. இப்போது அவராகவே கூப்பிட்டு ஏஜென்சியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். ஒரே நிபந்தனை: பிளேடோடு கரிப் பூச்சையும் முன்னால் அடுக்க வேண்டும், இன்னொரு வீடியோவில் நின்று “போட்டுப் பாத்தேன், நல்லாயிருக்கு” என்று சொல்ல வேண்டும். அதை நான் வேண்டாம் என்று சொன்னேனே என்றால், “அது வீடியோவுல இல்லையே சார்” என்கிறார். எனக்கு பிளேடு வேண்டும். அந்தப் பையனின் புருவமும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பதில் வாங்கிப்போக அவர் நேரிலேயே வருகிறாராம், வியாழக்கிழமை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும், கை கழுவாமல், அந்த வீடியோவை அழித்துவிடு. பார்த்தவர்கள் மறந்து தொலைக்கட்டும். மேலாளர் வரும்போது காட்ட எதுவும் இருக்கக்கூடாது. இனிமேல் நீ கடைக்கு வருவதாக இருந்தால் போனை உன் அக்காளிடம் கொடுத்துவிட்டு, கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வரவேண்டும். பெல்ட்டுக்குக் கீழே இருந்த ஸ்டூலை எடுத்துச் சலூன்காரருக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கு இனி உட்கார இடமில்லை. அடுத்த லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் யோசிக்கிறேன், நீ யோசிக்காதே, நீ யோசித்தால்தான் இப்படியெல்லாம் ஆகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நல்ல வேலையும் நீண்ட ஆயுளும் பெற்று, உன் சொந்தக் கடையில் உட்கார்ந்து, உன் மைத்துனன் ஒருவன் போனோடு எதிரே ஸ்டூல் போட்டு உட்காரும் பாக்கியத்தைப் பெறுவாயாக. பெரியவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
(பாதி ஒப்பம் போட்டால் போதும் என்று சலூன்காரர் சொல்கிறார். முழுசாகத்தான் போட்டிருக்கிறேன்.)

பின்குறிப்பு: கவரை ஒட்டி, தபால் தலையும் ஒட்டிய பிறகு கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலாளர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே இன்று மத்தியானம் வந்து நின்றுவிட்டார். டை கட்டியிருந்தார். மீசை என்றால் மீசை, இரண்டு முனையும் மெழுகு வைத்து முறுக்கியது. ஒரு கையில் பிளேடுப் பெட்டி, இன்னொரு கையில் கரிப் பூச்சுப் பெட்டி. கடையில் கணக்கு வாத்தியார் இருந்தார், மிஷின் இன்னும் முனகுகிறது என்று மறுபடி வந்திருந்தார். (வெட்டும் முனைமேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை அவர் இன்னும் கழற்றவே இல்லை, அது தனிக் கதை.) அந்தப் புருவப் பையனும் இருந்தான், சாயம் வெளுத்துவிட்டது, மறுபடி வரைய வந்திருந்தான். சலூன்காரர் வாசலில் நின்றார், அவர் எப்போதும் வாசலில்தான் நிற்பார்.

மேலாளர் பிளேடுப் பெட்டியைக் கல்லாமேல் வைத்து, என் பக்கமாகத் தள்ளி, “ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்” என்றார். மைத்துனா, உன்னிடம் மறைப்பானேன், கை அந்தப் பெட்டிமேல் போனது. அட்டையின் வழவழப்பு விரலில் பட்டது. அப்போது அந்தப் பையன் தொப்பியைச் சரிசெய்தான். வேறொன்றும் செய்யவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டு, “நீங்க போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்து, “நான் கம்பெனி ஆளுங்க” என்றார். “அதனாலதான் கேக்கறேன்” என்றேன். நீங்கள் பூசிக் காட்டுங்கள், நல்லபடியாக உரிந்து வந்தால் நான் எந்த வீடியோவில் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன் என்றேன். அவர் டையைத் தளர்த்திப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாசலில் சலூன்காரர். வாத்தியார் ஆறுதலாக, “பாதி போதும் சார்” என்றார்.

பூசிக்கொண்டார். அவர் இடது கைக்காரர், அதனால் வலது பாதி முகத்தில் பூசினார். காயும்வரை டீ வரவழைத்துக் கொடுத்தேன். பிளேடு எஃகின் தரத்தைப் பற்றி அருமையாகப் பேசிக்கொண்டே வந்தவர், பாதி டீயில் பாதி வாய் நின்று, மீதி வாயால் பேசினார், பிறகு அதுவும் நின்றது. உரிப்பது யார் என்று கேள்வி வந்தது. அவர் தானே தொட்டுப் பார்த்தார், நுனி வந்ததும் கண் கலங்கிக் கையை எடுத்துவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தோம், அனுபவம் உள்ளவர் அவர்தான். அவர் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

சத்தத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. என்னுடையதைவிட ஒரு கட்டை மேலே. அந்தப் பையன் சிரித்தான். வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, ஆனால் விழுந்து விழுந்து சிரித்தான், வரைந்த புருவமும் சேர்ந்து சிரித்தது. மேலாளர் என் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு வலது பாதி, அவருக்கு இடது பாதி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு மீசை இருந்தது. பிறகு அவர் சலூன்காரரிடம், “வீடியோ எடுத்தீங்களா?” என்று கேட்டார். சலூன்காரர் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “எடுத்திருந்தா எனக்கு அனுப்புங்க, ஊருக்கும் காட்டுங்க. நான் வாயால சொன்னா மேலிடத்துல நம்பமாட்டாங்க” என்றார். கரிப் பூச்சுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தார். பிளேடுப் பெட்டியை விட்டுப் போகிறாரே என்று பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். திரும்பாமலே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஏஜென்சி கொடுத்தாரா, வலியில் மறந்தாரா, தெரியவில்லை. பெட்டி அலமாரியில் இருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததுபோல் வைத்துக்கொள். வீடியோவை அழிக்காதே. அழித்திருந்தால் மறுபடி போடு. நீ நறுக்கின துண்டைத் தேடி எடு, அதில் நான் வாங்காதீங்க என்று சொல்கிறேன், அதை அதன் இடத்தில் ஒட்டு. அதன் பின்னால் சலூன்காரர் எடுத்ததை ஒட்டு. மத்தளம் வேண்டாம். அரை நிமிஷத்தைத் தாண்டினால் தாண்டட்டும், பார்க்கிறவன் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. போனையும் கொண்டு வா. ஸ்டூலைச் சலூன்காரரிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. முடி வளர்க்கும் தைலம் என்று வேறொரு கம்பெனியிலிருந்து மாதிரிப் புட்டி வந்திருக்கிறது. என் தலையில் முடி நிறைய இருப்பதால் எனக்கு அதைச் சோதிக்க வழியில்லை. உன் உச்சியில் வழுக்கை ஆரம்பித்திருக்கிறது என்று உன் அக்காள் சொல்கிறாள். பயப்படாதே, இடது பக்கம் மட்டும்தான். படம் பிடிக்க உன் அக்காள் இருக்கிறாள்.